செவலையின் தட்டு

போன வருஷம் ஆடி மாதம் ஒரு ராத்திரி, பதினொன்றரை மணிக்கு மேல், அத்தை இருக்கும் முதியோர் இல்லத்திலிருந்து போன் வந்தது. அந்த நேரத்தில் அந்த நம்பரைப் பார்த்தால் மனசு நேரே எங்கே போகுமோ அங்கேதான் போனது. "பயப்படாதீங்கம்மா, இப்ப நல்லா இருக்காங்க" என்றுதான் வார்டனம்மா பேச்சையே ஆரம்பித்தார். அத்தைக்குச் சர்க்கரை இறங்கி, ஜாக்கெட் நனைய வேர்த்து, கட்டிலோரம் சரிந்து உட்கார்ந்திருக்கிறார். ரவுண்டு வந்த சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்தால் 52. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ராத்திரி மாத்திரையை மட்டும் ஒழுங்காப் போட்டுக்கறாங்க. இட்லியைச் சாப்பிடறதில்லை. மூணு வெச்சா ஒண்ணுதான் வாய்க்குப் போகுது. மீதி ரெண்டும் முந்தானைக்குப் போகுது."

முந்தானையில் முடிந்துகொண்டு, எட்டு மணிக்குப் பின்கட்டு விளக்கை அணைத்த பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய், சமையல்கட்டுப் படியில் உட்கார்ந்து நாய்க்குப் போட்டிருக்கிறார். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு அத்தை சொன்ன பதில்: "அது வந்த நாள்லருந்து."

அந்த நாய் அங்கே வந்து அப்போதே நாலு மாதம் ஆகியிருந்தது.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான ஆறாம் வருஷம் மாமா போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. பொள்ளாச்சிப் பக்கம் கிராமத்தில் இரண்டு எருமையும் நாலைந்து வெள்ளாடும் வைத்துக்கொண்டு ஐம்பது வருஷம் தனியாக இருந்தவர். விடிகாலை நாலரைக்குச் சாணி அள்ளுவதில் நாள் தொடங்கும். புண்ணாக்கு ஊற வைப்பது, தவிட்டுத் தண்ணி கலக்குவது, பீய்ச்சுவது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுவது. ஒறம்பரை வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தால்கூட முகூர்த்தம் முடிந்த கையோடு கிளம்பிவிடுவார். "வாயில்லாச் சீவன் காத்துட்டுக் கெடக்கும் அம்மிணி" என்பார். எங்களுக்கெல்லாம் அது பந்தியில் உட்காராமல் தப்பிக்கச் சொல்லும் சாக்காகத் தெரிந்தது.

எழுபத்தாறு வயசில் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து என் வீட்டில் மூன்று மாதம் இருந்தார். கோயமுத்தூரில் மூன்றாவது மாடி, இருவருமே வேலைக்குப் போகிறோம், பகலெல்லாம் பூட்டிய கதவு. கடைசியில் ஊர்க்கோடியில் இருக்கும் இந்த இல்லத்தில் சேர்த்தோம். ஊரில் இன்னும் "ஆசிரமத்துல விட்டுட்டாளாமா" என்றுதான் என்னைச் சொல்கிறார்கள். எருமைகளைச் சந்தைக்கு ஓட்டிப்போன அன்று, அத்தை கயிற்றைக் கொடுக்காமல் வண்டிவரைக்கும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தார். விற்ற பணத்தை எண்ணக்கூட இல்லை.

இல்லம் நல்ல இல்லம்தான். குறை சொல்ல முடியாது. காலையில் வெந்நீர், ஏழரைக்குப் பலகாரம், பதினொன்றுக்கு மோர், வாரம் ஒருமுறை டாக்டர். துணி துவைக்க ஆள், கட்டில் விரிப்பு மாற்ற ஆள், நகம் வெட்டக்கூட ஆள். "ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டியதில்லை" என்று சேர்க்கும்போது பெருமையாகச் சொன்னார்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

நாய் வந்தது பங்குனியில். பைக் ஏறிப் பின்னங்கால் பிசகி, சமையல்கட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. நிர்வாகத்தில் ஒருவர் நாய் பிடிக்கும் வண்டிக்குப் போன் போடச் சொன்னார். சமையல்காரர் முந்திக்கொண்டு மாட்டு டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். கால் தேறியபின் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், காது நுனியில் அடையாள வெட்டு, வெறிநாய்த் தடுப்பூசி எல்லாம் ஆனது. அதன்பிறகு வெளியே போகச் சொன்னாலும் போகவில்லை. செவலை நிறம், நெஞ்சில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெள்ளை. அத்தை அதைச் செவலை என்று கூப்பிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சீசர் என்றார். பாலக்காட்டு அம்மா ஒருவர் குட்டன் என்றார். ஆயாம்மாவுக்கு ராஜா. சமையல்காரருக்கு வெறும் "டேய்". அது எல்லாப் பெயருக்கும் வாலாட்டியது. இதில் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று அப்போது தோன்றியது, என்னவென்று இன்னும் தெரியவில்லை.

சரி, லோ சுகர் ராத்திரிக்கு வருவோம். மறுநாளே இல்லத்தில் விதி போட்டார்கள்: தங்கியிருப்பவர்கள் யாரும் நாய்க்குச் சாப்பாடு போடக்கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆயாம்மா பின்கட்டில் வைப்பார். அத்தை சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவர் பக்கத்தில் நிற்பார். நியாயமான விதி. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அத்தையின் சர்க்கரை அளவு சீரானது. ஆள்தான் சுருங்கிப் போனார்.

இரண்டு மாதம் இது எனக்குப் பிடிபடவில்லை. நாய் அங்கேதான் இருந்தது. அத்தை கட்டிலிலிருந்து பார்த்தால் வராந்தாவில் படுத்திருப்பது தெரியும். சில நேரம் வந்து காலடியிலும் படுத்துக்கொள்ளும். செல்லப் பிராணி பக்கத்தில் இருந்தால் வயசானவர்களுக்கு ஆறுதல் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அந்த ஆறுதல் முழுசாக அங்கேயே கிடந்தது. ஆனால் அத்தை ஒன்பது மணிவரை எழுந்திருப்பதில்லை. தலை சீவிக்கொள்வதில்லை. நான் வாங்கிப்போன கொய்யாவை அப்படியே வைத்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "எனக்கு இங்க என்ன வேலை அம்மிணி?"

வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். குற்ற உணர்ச்சி உள்ளவர்களுக்குக் காது அப்படித்தான் கேட்கும். "வேலை செஞ்சதெல்லாம் போதுங்க அத்தை, இனிமே ரெஸ்ட் எடுங்க" என்றேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஷயத்தை அவிழ்த்தவர் அந்தச் சமையல்காரர்தான். "நாய்ச் சோத்தை நான் தனியாத் தர்றேனுங்க. போடறதை அவங்க போடட்டும். ஆனா அவங்க தட்டைக் காலி பண்ணிக் காட்டினாத்தான் நாய்த்தட்டு கைக்கு வரும்." வார்டனம்மா யோசித்தார், சரி என்றார். ஒரு அலுமினியத் தட்டு ஒதுக்கினார்கள். அன்று ராத்திரி அத்தை மூன்று இட்லியும் தின்றுவிட்டு, தட்டைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, "குடு" என்று கை நீட்டினாராம். ஒரு வாரம் கழித்து நான் போனபோது தலை சீவிப் பூ வைத்திருந்தார். பூவுக்குக் காசு யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதலில் கண்ணில் பட்டது அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து நியூ பெர்லின் என்ற சின்ன ஊரில் நடந்த கதை. சேஸ் மெமோரியல் நர்சிங் ஹோம் என்று அங்கே ஒரு இல்லம். 1991ல் பில் தாமஸ் என்ற இளம் டாக்டர் அங்கே மருத்துவ இயக்குநராகச் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்தவர், பக்கத்திலேயே பண்ணை போட்டு வாழ்ந்தவர். இல்லத்தில் எல்லாருக்கும் என்ன நோய் என்று பார்த்துக்கொண்டே போனவர், நோய்ச்சீட்டில் எழுத முடியாத மூன்று நோய்கள் அங்கே இருப்பதாகச் சொன்னார்: தனிமை, சலிப்பு, கையாலாகாமை. மூன்றாவது எனக்குச் சுருக்கென்றது. தனிமைக்கு மருந்து துணை. ஆனால் கையாலாகாமைக்கு மருந்து அடுத்தவர் நமக்குச் செய்யும் உதவி இல்லை, நாம் அடுத்தவருக்குச் செய்யக் கிடைக்கும் வாய்ப்பு என்பது அவர் கட்சி.

அவர் நிர்வாகத்திடம் கேட்டது ஒரு நாய் இல்லை. இரண்டு நாய், நாலு பூனை, நூறு பறவை. அந்த மாநிலச் சட்டத்துக்கு இது ஒத்தே வராது. மன்றாடி விலக்கு வாங்கினார்கள். நூறு பறவையும் ஒரே நாளில் வந்து இறங்கின. கூண்டுகள் வரவில்லை. கொண்டுவந்த ஆள், தரைத்தளத்தில் முடி அலங்காரம் செய்யும் அறைக்குள் எல்லாவற்றையும் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். பிறகு கூண்டுகள் வந்தன, பிரித்து அடுக்கிய பெட்டிகளில், நாமே பொருத்திக்கொள்ள வேண்டிய நிலையில். ஊழியர்கள் இறகு பறக்கத் திண்டாடுவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து, தங்கியிருந்த முதியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

இந்தப் பறவைகளைத் தமிழில் எழுதும்போது சிலர் 'கிளிகள்' என்று எழுதிவிடுகிறார்கள். அவை நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூண்டில் வளர்க்கும் சின்னப் பறவைகள். நம் ஊர்ப் பச்சைக்கிளியை இல்லத்திலோ வீட்டிலோ கூண்டில் வைத்தால் 1972ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். இதைச் சொல்லக் காரணம், செவலையின் புகழ் பரவியதும் ஒரு நல்ல மனிதர் "பெரியவங்களுக்குப் பொழுது போகட்டும்" என்று ஒரு கிளிக்கூண்டோடு இல்லத்து வாசலில் வந்து நின்றார். திருப்பி அனுப்பினார்கள்.

நியூ பெர்லினில் அடுத்து நடந்தவை பதிவாகியிருக்கின்றன. பேசவே மாட்டார்கள் என்று ஒதுக்கியிருந்தவர்கள் பேசினார்கள். எழுந்து நடமாடாமல் கிடந்தவர்கள், நர்ஸ் மேஜைக்கு வந்து "நாயை நான் நடத்திக் கூட்டிப்போகிறேன்" என்றார்கள். நூறு பறவைக்கும் ஆள் கிடைத்தார்கள், பெயரும் கிடைத்தது. இரண்டு வருஷம் பக்கத்து ஊர் இல்லம் ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆளுக்கு எழுதிக்கொடுக்கும் மருந்து அந்த இல்லத்தில் எழுதுவதில் பாதியாகக் குறைந்திருந்தது. பதற்றத்தை அடக்கக் கொடுக்கும் மாத்திரைகள்தான் அதிகம் குறைந்தவை. மொத்த மருந்துச் செலவு மற்ற இல்லத்துச் செலவில் 38 சதவீதம். இறப்பு 15 சதவீதம் குறைவு.

இந்தக் கடைசிக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு 'நாய் வளர்த்தால் ஆயுசு கூடும்' என்று பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அங்கே வந்தது நாய் மட்டும் இல்லை. புல்வெளியைக் கொத்திக் காய்கறித் தோட்டம் போட்டார்கள், அறைகளில் உயிருள்ள செடி வைத்தார்கள், ஊழியர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டதும் அங்கே வந்தார்கள். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அதில் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஒவ்வொரு காலையும் யாரோ ஒருவர் எழுந்து ஒரு கூண்டில் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றாவிட்டால் ஒரு உயிர் தவிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நர்ஸ்களின் தாய் என்று பாடப் புத்தகத்தில் படித்த ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் 1860 வாக்கில் எழுதிய நர்சிங் குறிப்புகளில் இதைத் தொட்டிருக்கிறார். நாள்பட்ட நோயாளிக்குச் சின்ன வளர்ப்புப் பிராணி நல்ல துணை என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தவில்லை. அந்தப் பிராணிக்குத் தீனி வைத்து, கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை நோயாளியாலேயே செய்ய முடியுமென்றால் அவரையே செய்யத் தூண்ட வேண்டும் என்கிறார். ஆதீனா என்ற குட்டி ஆந்தையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த பெண்மணி. தெரிந்துதான் சொல்லியிருப்பார்.

எங்கள் இல்லத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னார்வலர்கள் மூன்று லாப்ரடார்களைக் கூட்டிவந்தார்கள். குளிப்பாட்டி, வாசனைப் பவுடர் போட்டு, கழுத்தில் கைக்குட்டை கட்டிய நாய்கள். தங்கமான பிள்ளைகள், குறை ஒன்றும் இல்லை. பெரியவர்கள் தடவிக்கொடுத்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அத்தை ஒரு லாப்ரடாரின் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தின்னுட்டுத்தான் வந்திருக்குது" என்றார். அவ்வளவுதான், அதன்மேல் அக்கறை போய்விட்டது. விருந்தாளி நாய்க்கு நம்மிடம் தேவை எதுவும் இல்லை. அன்று முழுக்கச் செவலையைச் சமையல்கட்டுக்குள் கட்டிப்போட்டிருந்தார்கள், அது ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. அத்தையின் கவனமெல்லாம் அந்தப் பக்கம்.

ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் பாரோ என்று ஒரு பொம்மை செய்திருக்கிறார்கள். வெள்ளை ரோமத்தோடு கடல்நாய்க் குட்டி வடிவம், தடவினால் கண்ணை மூடும், பெயர் சொன்னால் திரும்பும். 2009ல் அமெரிக்காவில் அதை மருத்துவக் கருவியாகவே ஏற்றுக்கொண்டார்கள். மறதி நோய் முற்றியவர்களுக்கு உதவுகிறது என்கிறார்கள், உதவட்டும். கடிக்காது, உண்ணி வராது, செத்தும் போகாது. அதற்குச் சார்ஜ் போடும் முனையைக் குழந்தைகள் வாயில் வைக்கும் ரப்பர் வடிவத்தில் செய்திருக்கிறார்கள். அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. பொம்மைக்குக்கூடப் பசிப்பது மாதிரி வைத்தால்தான் மனசு ஒட்டும் என்று அதைச் செய்தவருக்கும் தெரிந்திருக்கிறது.

நாய் இருப்பதால் வரும் தொல்லைகளை மறைக்க எனக்கு ஆசை இல்லை. கார்த்திகையில் ஒரு அம்மா விடிகாலை பாத்ரூம் போகும்போது வராந்தாவில் படுத்திருந்த செவலைமேல் தடுக்கி விழுந்தார். மணிக்கட்டில் விரிசல். உடனே கூட்டம் போட்டார்கள். அத்தை தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஆட்டுச் சலங்கை ஒன்றை எடுத்து நாயின் கழுத்தில் கட்டினார். எல்லாரும் பாராட்டினார்கள். படுத்துக் கிடக்கும் நாயிடமிருந்து சலங்கைச் சத்தம் எப்படி வரும் என்று இரண்டு நாள் கழித்துத்தான் ஒருவர் கேட்டார். அப்புறம் தச்சரைக் கூப்பிட்டு வராந்தாவுக்கு இடுப்புயரத்தில் ஒரு மரத்தட்டி போட்டு, ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாய் அந்தப் பக்கம் என்று முடிவானது. சலங்கை கழுத்திலேயே இருக்கிறது, அழகுக்கு.

வயசானவர்களின் தோல் காகிதம் மாதிரி. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரைப் பூனை விளையாட்டாகப் பிறாண்டினாலும் ரத்தம் நிற்க நேரமாகும். வெறிநாய் நோய் வந்துவிட்டால் பிழைப்பு இல்லை, ஆகவே வருஷத் தடுப்பூசியில் ஒரு மாதம்கூடப் பிந்தக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து. நாயே ஆகாது என்கிறவர்களும் உண்டு. சிலருக்குப் பயம், சிலருக்கு ஆசாரம், சிலருக்கு வெறும் அருவருப்பு, மூன்றுமே மதிக்க வேண்டியவை. இது அவர்களுக்கும் வீடு. பூஜை அறைப் பக்கமும் சாப்பாட்டுக் கூடத்திலும் செவலைக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டுக் கூட வாசலில் கோடு போட்ட மாதிரி நிற்கும், ஒரு முன்னங்கால் மட்டும் உள்ளே இருக்கும்.

இதில் யாரும் பேசாத ஆள் ஆயாம்மா. நாய் அசிங்கம் செய்தால் அள்ளுவது அவர். பன்னிரண்டு மணி நேர வேலை, நாற்பது பேர், அதற்குமேல் ஒரு நாய். நியூ பெர்லினிலும் முதல் சண்டை இதில்தான் வந்தது. நாங்கள் நர்சிங் படித்தது நாய் மலம் அள்ளவா என்று கேட்டார்கள். கேட்டது நியாயம். 'செல்லப் பிராணிகள் முதியோருக்கு வரம்' என்று எழுதுகிறவர்கள் விளக்குமாறு யார் கையில் இருக்கிறது என்பதையும் ஒரு வரி எழுதலாம். எங்கள் இல்லத்தில் இதற்கென்று ஆயாம்மாவுக்கு மாதம் ஐநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறார்கள். அதை ஆரம்பித்ததே குடும்பத்துக்காரர்கள் நாங்கள் சிலர் சேர்ந்து கேட்டபிறகுதான்.

பூனை விஷயத்திலும் ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலம் பிராவிடன்ஸ் நகரில், ஸ்டீர் ஹவுஸ் என்ற இல்லத்தில் ஆஸ்கர் என்று ஒரு பூனை. யார் சாகப்போகிறாரோ அவர் கட்டிலில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும் என்று டேவிட் டோசா என்ற டாக்டர் 2007ல் பெரிய மருத்துவ இதழிலேயே எழுதினார். அதிலிருந்து எமன் அனுப்பிய பூனை என்கிற ரேஞ்சுக்குக் கதை வளர்ந்துவிட்டது. கடைசி நேரத்தில் உடம்பில் வரும் வாசனை மாற்றம் காரணமாக இருக்கலாம், மேலே போர்த்தும் சூடான கம்பளியும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எங்கள் செவலைக்கு அந்தச் சக்தியெல்லாம் கிடையாது. மாசியில் பாலக்காட்டு அம்மா தவறியபோது அது விறகுக் குவியலில் தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள்தான் அவர் கட்டிலுக்கு முன்னால் நின்று மோந்து பார்த்தது. குட்டன் என்று கூப்பிட இப்போது ஆள் இல்லை.

இன்னொருவர் கதை. ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு வந்தவர், அத்தைக்கு எதிர் அறை. பதினொரு வருஷம் வளர்த்த நாயை மகன் வீட்டில் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கிறார். தினம் சாயங்காலம் மகனுக்குப் போன் போட்டு முதலில் நாயைத்தான் விசாரிப்பார். நன்றாக இருக்கிறது, இப்போதுதான் சாப்பிட்டது என்று மகன் சொல்வார். நாயை அவர்கள் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். அத்தைக்காக இடம் தேடியபோது நான் ஏறி இறங்கிய ஏழு இல்லங்களில் ஒன்றில்கூட வளர்த்த பிராணியோடு சேரலாம் என்று சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை. ஜப்பானில் யோகோசுகா நகரில் 2012 முதல் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. அங்கே நாயோடும் பூனையோடும் சேர்ந்தே குடியேறலாம், அதற்கென்று தனிப் பகுதிகள் உண்டு. சொந்தக்காரர் காலமானாலும் பிராணி அங்கேயே இருக்கும். இல்லத்துக்குப் போவதற்காக நாயைக் கைவிட்ட ஒரு முதியவர் அந்தத் துக்கத்திலேயே கரைந்து இறந்ததைப் பார்த்துத்தான் அதைத் தொடங்கியவருக்கு அந்த எண்ணம் வந்ததாம். எதிர் அறைக்காரரிடம் இதைச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டேன்.

செவலையின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து பெயர் என்றால் ஐந்து கை. ஆளுக்கொரு பிஸ்கட், ஆளுக்கொரு வாய் பாயசம். பொங்கலுக்குள் நாய் பீப்பாய் ஆகிவிட்டது. மாட்டு டாக்டர் எடை போட்டுப் பார்த்துவிட்டுத் திட்டினார். வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த கோழி எலும்பு எதுவும் கூடாது என்று சமையல்கட்டுக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தலைமையாசிரியர்தான் எழுதினார், இரண்டு வரி அடிக்கோட்டுக்கு நடுவில், அச்சு மாதிரி. யாரும் தொடாமல் அது போய்ப் படுத்துக்கொள்ள ஒரு மூலை வேண்டும் என்றும் டாக்டர் சொன்னார். விறகுக் குவியல் மூலைக்கு இப்போது யாரும் போவதில்லை. நாற்பது பேருக்குச் செல்லமாக இருப்பதும் ஒரு வேலைதானே, அதற்கும் லீவு வேண்டும்.

இந்த ஏற்பாடு எல்லாம் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. ஒரு சமையல்காரரின் நல்ல மனசில் நிற்கிறது. அவர் நாளைக்குத் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை உண்டு. மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், அவரும் அப்படி ஏதோ யோசனையில்தான் இருக்கிறார்.

இந்த வருஷம் தையிலிருந்து அத்தைக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருக்கிறது. என்னைச் சில நாள் என் அம்மா என்று நினைத்துக்கொண்டு, "எப்பப் புள்ளை உண்டாகப் போறே?" என்று கேட்கிறார். நாய்க்குச் சோறு போட்டதை மறந்துவிட்டு, அரைமணி நேரத்தில் மறுபடி சமையல்கட்டு வாசலில் வந்து நிற்கிறார். "போட்டாச்சுங்க" என்றால் நம்புவதில்லை, சண்டைக்கு வருகிறார். கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு, சமையல்காரர் இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். செவலையின் ஒருவேளைச் சோற்றை முதலிலேயே மூன்றாகப் பிரித்து மூடி வைத்துவிடுகிறார். அத்தை எத்தனை தடவை வந்தாலும் தட்டில் ஏதோ இருக்கும்.

போன ஞாயிறு நான் பார்க்க மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை தட்டில் மோர் ஊற்றிய ஒரு கைப்பிடிப் பருக்கைதான். வாக்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தட்டை மறுகையில் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஒன்பது அடி நடந்து, படியில் உட்கார்ந்து வைத்தார். செவலை அவசரமே இல்லாமல் நக்கியது, பிறகு அவர் செருப்பின்மேல் தலையை வைத்துக்கொண்டது. அத்தை காலித் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"சும்மாதானே நிக்கறே. கழுவி வெச்சுட்டு வா, ராத்திரிக்கு வேணும்."